ஸ்டெப்னிக்கு ஒரு பழைய டயர்

மேட்டுப் பண்ணைகளுக்குப் போய்வருவதற்காகத்தான் மாட்டு டாக்டரம்மா அந்த வண்டியை வாங்கினாள். நகரத்தைத் தாண்டி அரைமணி நேரம் தார்ச்சாலை, அதற்கப்புறம் குன்றுகள், குன்றுகள்மேல் பண்ணைகள், பண்ணைகளுக்கு வெறும் மண்பாதை. கன்று பாதி வெளியே வந்து சிக்கிக்கொண்டு நிற்கிற பசுவிடம் போய், பாதை சரியில்லை, அதான் நேரமாகிவிட்டது என்று சமாதானம் சொல்ல முடியுமா? நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வேண்டும், பழசானாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள். விசாரித்தது, ஓட்டிப் பார்த்தது, பேசி முடித்தது, வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது எல்லாம் அவள் வீட்டுக்காரர்.

அவருக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. "இது தெரியுதா, இப்ப இன்னும் தெளிவா இருக்கா" என்று வாடிக்கையாளரிடம் கேட்கிற அதே மெல்லிய குரலில்தான் வீட்டிலும் பேசுவார். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. முகத்துக்கு நேரே யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. அந்த இடத்தில் "பார்த்துக்கலாம்" என்பார். அவருக்கும் சேர்த்து அவருடைய அம்மா, டாக்டரம்மாவுக்கு அத்தை, சத்தம் போட்டுவிடுவார். பஸ்ஸில் கண்டக்டராக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வீட்டு ஹாலில் யாராவது வழியில் நின்றாலும், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்குல்ல" என்பார்.

வண்டி வந்த புதிதிலேயே டாக்டரம்மா டயரைப் பார்த்துவிட்டு, "தேஞ்சிருக்கே, மாத்திடலாமா?" என்று கேட்டாள். பார்த்துக்கலாம் என்றார். ஒரு மாதம் போனது, இன்னும் ஒரு மாதம் போனது. பண்ணைக்கென்று வாங்கிய வண்டி அதற்குள் வீட்டு வண்டியும் ஆகிவிட்டது. காலையில் மகள் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவது, அத்தையைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போவது, ஞாயிற்றுக்கிழமை அணைக்கட்டுக்குப் போவது எல்லாம் அதில்தான். பின்சீட்டில் இடது பக்கம் பாப்பாவின் இடம். அந்த ஜன்னல் கண்ணாடியில் ஒரு பூனை ஸ்டிக்கரை ஒட்டி உரிமை கொண்டாடியிருந்தாள்.

அப்புறம் ஒரு நாள் மழை விட்ட சமயம், களிமண் சரிவு ஒன்றில் ஏறிக்கொண்டிருந்த வண்டி நின்று, மெதுவாகப் பின்னால் வழுக்க ஆரம்பித்தது. பிரேக்கை அழுத்திக்கொண்டே வழுக்கினாள். ஒரு புதர் தாங்கிக்கொண்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல், "சனிக்கிழமை டயர் மாத்துறோம்" என்றாள். இந்த முறை அவர் பார்த்துக்கலாம் என்று சொல்லவில்லை. சரி என்று தலையாட்டினார். ஒரு பாரம் இறங்கியது போல் அவர் முகம் தெளிந்ததை அவள் கவனித்தாள். தன்மேல் உள்ள அக்கறை என்று எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் பாப்பாவைச் சிநேகிதி வீட்டில் விட்டுவிட்டு மூன்று பேரும் டயர் கடைக்குப் போனார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அத்தையும் கிளம்பி வந்திருந்தார். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. சுவரெல்லாம் டயர், நடுவில் ஜாக்கிகள், மூலையில் சளைக்காமல் உறுமுகிற காற்று மெஷின். கடைக்காரர் மூக்கில் இருந்த கண்ணாடி வீட்டுக்காரர் கடையில் போட்டது. அந்த உரிமையில் நாற்காலியெல்லாம் துடைத்துப் போட்டார். வேலை செய்கிற ஆள் ஒருத்தர்தான். ஐம்பதைத் தொட்டவர், கதவில் குனிந்து நுழைகிற உயரம். கடைக்காரரிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரை எல்லாருக்கும் அவர் நெட்டை அண்ணன்.

"வண்டி எந்த மாதிரி ரோட்டுல அதிகமா ஓடும்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"மலைப் பாதை. சேறு, பாறை, எல்லாம்" என்றார் வீட்டுக்காரர்.

"தார் ரோடுதான் அதிகம்" என்றாள் டாக்டரம்மா. "கடைசியில கொஞ்ச தூரம் மண்ணு. மழை பெஞ்சா களி."

கடைக்காரர் அதோடு அவள் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்காரரோ வாரம் முழுக்க போனில் வீடியோ பார்த்துவிட்டு வந்திருந்தார். சேற்றுக்கென்றே செய்த டயர் ஒன்றின் முன்னால் போய் நின்றார். முதலை முதுகு மாதிரி கட்டை கட்டையாகப் புடைத்துக்கொண்டு, பார்க்கவே ஒரு மிரட்டலாக இருந்தது.

"இது எப்படி? இதுலயே ஒரு சைஸ் அகலமா போட்டா இன்னும் நல்லா இருக்குமே."

"பார்க்க நல்லா இருக்கும் சார். ஆனா அகலமா போட்டா வளைக்கும்போது உள்ள உரசும். தார் ரோட்டுல இது ஒரேடியா இரையும், வேகமா தேஞ்சும் போயிடும்."

"இரையும்னா எவ்வளவு இரையும்?" என்று அத்தை கேட்டார்.

"பக்கத்துல இருக்கிறவங்ககிட்டயே கத்திப் பேசணும்மா."

"அப்ப வேண்டாம். இவன் பேசுறது இப்பவே பாதிதான் கேக்குது."

எல்லாரும் சிரித்தார்கள், வீட்டுக்காரர் உள்பட. பிறகு, முன்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதாதா என்றும் ஒரு பேச்சு வந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் நாலும் ஒரே உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கொரு வேகத்தில் சுற்றிக் கியர்பாக்ஸைப் பதம் பார்த்துவிடும் என்றார் கடைக்காரர். டாக்டரம்மா இரண்டுக்கும் பொதுவான ரகத்தைத் தேர்ந்தெடுத்தாள். நடுவில் தார்ச்சாலைக்கேற்ற நெருக்கமான வெட்டு, ஓரத்தில் மண்ணைப் பிடிக்க ஆழமான வெட்டு. குனிந்து விரலை விட்டுப் பார்த்தாள். மழைத் தண்ணீர் இந்த வழியாக வெளியே ஓடும், களி இந்த ஓரத்தில் சிக்காமல் உதிரும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபோது வயிற்றுக்குள் ஒரு நிம்மதி பரவியது. புதரில் போய் முட்டிய நாளிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை.

நெட்டை அண்ணன் வண்டியைத் தூக்கி, பழைய டயர்களைக் கழற்றி, காற்றை இறக்கி, ரிம்மிலிருந்து பிரித்து ஓரமாக அடுக்கினார். புதிய நாலும் ஏறின. எல்லாம் முடிகிற நேரத்தில் கடைக்காரர் வண்டிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது வெடிச்சுப் பாளம் பாளமா கிடக்கு. நடுவழியில மாட்டினா உங்களைக் கைவிட்டுடும். பழைய நாலுல நல்லதா ஒண்ணை எடுத்து இந்த ரிம்மில ஏத்திடலாமா?"

டாக்டரம்மாவே அடுக்கின் பக்கம் போய்ப் பார்த்தாள். மூன்று டயர்கள் வழவழவென்று இருந்தன. ஒன்றில் மட்டும் இன்னும் வெட்டு ஆழமாக இருந்தது.

"இது பரவாயில்லையே. இது எங்க இருந்தது?"

"பின்னாடி இடது பக்கம்" என்றார் நெட்டை அண்ணன்.

"அது வேண்டாம்" என்றார் வீட்டுக்காரர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்? இருக்கிறதுலயே இதுதானே நல்லா இருக்கு."

"இல்ல, சும்மாதான். வேற ஒண்ணு எடுத்துக்கலாமேன்னு."

"மத்ததெல்லாம் மொட்டையா இருக்கே."

நெட்டை அண்ணன் டயருக்குள் கையை விட்டு ஒரு சுற்றுத் தடவினார், வெளியே ஒரு தட்டுத் தட்டினார். "ஸ்டெப்னிக்குத் தாராளமா தாங்கும் சார்" என்றார். வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார். பிறகு, "சரி, பார்த்துக்கலாம்" என்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நெட்டை அண்ணன் டயரை ரிம்மில் ஏற்றி, தரையில் படுக்கவைத்து, காற்றுக் குழாயைச் செருகினார். டாக்டரம்மா கடைக்காரரின் மேஜைப் பக்கம் நகர்ந்து, பண்ணையிலிருந்து ஏதாவது கூப்பிட்டிருக்கிறார்களா என்று போனை எடுத்தாள். அளவு பார்க்கிற கருவி சுவர் ஆணியில் தொங்கியது. அதை எடுக்க நெட்டை அண்ணன் நாலு எட்டு விலகிப் போனார்.

அவளுக்குச் சத்தம் கேட்டதாகவே ஞாபகம் இல்லை. நெஞ்சில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளினார்கள். கண் முன்னால் கொட்டகை முழுக்க ஒரு முறை அதிர்ந்தது. படுத்துக்கிடந்த சக்கரம் அந்த இடத்தில் இல்லை. மேலே தகரத்தில் போய் அடித்து, ஒரு தகட்டைப் பிய்த்துக்கொண்டு, திரும்பிக் கீழே வந்தது. வருகிற வழியில் நெட்டை அண்ணனின் தோளில் விழுந்து உருண்டு போய்ச் சுவரில் சாய்ந்தது. கூரையிலிருந்து வருஷக்கணக்கான துருவும் தூசியும் பொலபொலவென்று உதிர்ந்தன. பிய்ந்த இடத்தின் வழியாக வெயில் ஒரு கம்பம் போல உள்ளே இறங்கி நின்றது. அத்தையின் வாய் அசைந்தது. குரல் வரவில்லை. காற்று மெஷின் கூட ஊமையாகிவிட்டிருந்தது.

அவள் கால்கள் தாமாக ஓடின. நெட்டை அண்ணன் பக்கவாட்டில் விழுந்து கிடந்தார், கண் திறந்திருந்தது. மூச்சு ஓடுகிறதா என்று பார்த்தாள். ஓடியது. காலை அசைக்கச் சொன்னாள், அசைத்தார். சட்டைக்குள் விரலை விட்டுத் தோள்பட்டையோடு தடவிக்கொண்டே வந்தபோது காரை எலும்பு ஓரிடத்தில் விலகி நின்றது. கன்றுக்குட்டிகளிடம் இதே விரலால் எத்தனையோ தடவை தொட்டுப் பார்த்த உடைப்பு. "அசைக்காதீங்கண்ணே, அப்படியே இருங்க" என்று சொன்னபோது அவள் குரல் அவளுக்கே எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. காது மெல்லத் திறந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தக் கத்தல்.

"வண்டியை வித்த ஆளு சொன்னாரே. வாங்கினப்பவே சொன்னாரே. பின்னாடி இடது பக்கம் கல்லுல அடிச்சது, உள்பக்கம் வீங்கியிருக்கு, மாத்தாம ஓட்டாதீங்கன்னு சொன்னாரே. ஐயோ, சொன்னாரே."

அவள் திரும்பினாள். அவள் வீட்டுக்காரர். வெடித்த இடத்துக்கு மிக அருகில் நின்றதால் அவர் காது முழுதாக அடைத்துப் போயிருந்தது. கட்டிய கை கட்டியபடி, தனக்குள் முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் இவ்வளவு சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை. கடைக்காரர் அவரையே பார்த்தார். வாசலில் கூடிவிட்ட ஆட்களும் பார்த்தார்கள். ஏன் எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று புரியாமல் அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

அத்தை அவரிடம் போனார். இரண்டு கையாலும் மகனின் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வாயசைவு தெரியும்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"பாப்பா உக்கார்ற பக்கமாடா?"

அவருக்கு அது புரிந்தது. தலையாட்டினார்.

அத்தையின் கைகள் கீழே விழுந்தன. ஓடுகிற பஸ்ஸில் பிடிமானமில்லாமல் நின்றே காலம் தள்ளிய பெண்மணி, பக்கத்திலிருந்த நாற்காலியைத் தடவித் தேடி உட்கார்ந்தார்.

புது டயர் போட்ட வண்டியிலேயே நெட்டை அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா ஓட்டினாள். ஒவ்வொரு பள்ளத்திலும் நெட்டை அண்ணன் பல்லைக் கடிப்பது முன்சீட்டிலிருந்து கேட்டது. பின்னால் பூனை ஸ்டிக்கர் ஒட்டிய ஜன்னலோரம் அவள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். வேறு இடம் இருந்தும் அங்கேதான் போய் உட்கார்ந்தார்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது அவருக்குக் காது கொஞ்சம் தெளிந்திருந்தது. அத்தை எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனார்.

"வாங்கின அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேண்டாம்னு சொல்லிருப்பே. எனக்கு அந்த வண்டி ரொம்பப் பிடிச்சுப் போச்சு. உடனே மாத்திடலாம்னுதான் நினைச்சேன். ஒரு நாள் தள்ளிப் போச்சு, ஒண்ணும் ஆகல. அப்புறம் இன்னொரு நாள். போகப் போக, இவ்வளவு நாளா ஏன் சொல்லலைன்னு கேப்பியேன்னு ஆயிடுச்சு."

"அது கிடக்கட்டும். இன்னிக்கு? நெட்டை அண்ணன் காத்து பிடிக்கும்போது பக்கத்துலயே நின்னீங்களே."

"வேண்டாம்னு சொன்னேன்ல."

"ஏன் வேண்டாம்னு சொல்லலையே."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார்.

"ஏன்னு சொன்னா எல்லார் முன்னாடியும் நீ கேப்பே. அம்மாவும் இருந்தாங்க. ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

சாதுவான மாடு என்று நம்பிக் குனிகிறவளுக்கு நெஞ்சில் ஓர் உதை விழுந்தால், வலிக்கு முன்னால் ஒரு மரத்துப் போதல் வரும். எழுந்து நின்றுவிடலாம், பேசலாம், நடக்கக்கூடச் செய்யலாம். எங்கே அடிபட்டது என்று மட்டும் தெரியாது. அவளுக்கு அது பழக்கமான உணர்வு, தொழுவத்தில் மட்டும். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பக்கத்தில் இருந்தவரின் கையைப் பார்த்தாள். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் ஈரத் துணி மாற்றிப் போடுகிற கை. அதே கையைக் கட்டிக்கொண்டுதானே நின்றார்.

"உள்ள போய் அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள்.

அவர் போனார். அவளும் கதவோரம் நின்றாள். நெட்டை அண்ணனுக்குத் தோளைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தார்கள். அந்த உயரத்துக்குக் கட்டில் போதாமல் கால் வெளியே நீட்டியிருந்தது. இவர் கட்டில் ஓரம் நின்று, மெல்லிய குரலில், "அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த டயர்..." என்று ஆரம்பித்தார்.

"கேட்டுச்சு சார்" என்றார் நெட்டை அண்ணன். "தெருவுக்கே கேட்டுச்சு."

அவருக்கு விளங்கவில்லை. திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். அந்தச் சில நொடிகளில் அவர் முகத்தில் நிறம் போனதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தனக்குள்ளேயே வைத்திருந்ததாக நினைத்ததை ஊருக்கே கத்தியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"உள்ள தடவினேன், எனக்குத் தட்டுப்படல" என்றார் நெட்டை அண்ணன், கூரையைப் பார்த்தபடி. "காத்து இல்லாதப்ப வீக்கம் அமுங்கிடும். ஒரு வார்த்தை சொல்லிருந்தீங்கன்னா தூக்கி ஓரமா போட்டிருப்பேன் சார். வேற ஒண்ணும் இல்ல, ஒரே ஒரு வார்த்தை." கண்ணை மூடிக்கொண்டார். "என் வீட்டுக்காரி வருவா. அவ வர்ற வரைக்கும் இங்க இருங்க. அவகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியாது."

வீட்டுக்காரரை அங்கேயே விட்டுவிட்டு மாமியாரும் மருமகளும் வண்டியில் கிளம்பினார்கள். புது டயர் சாலையைக் கவ்விக்கொண்டு, சத்தமே இல்லாமல் ஓடியது. முதல் சந்திப்பைத் தாண்டினாள், இரண்டாவதையும் தாண்டினாள். பிறகு ஸ்டியரிங் மேல் அவள் கைகள் ஆடத் தொடங்கின. வண்டி ஆடுகிறது என்று முதலில் நினைத்தாள். ஓரங்கட்டி நிறுத்தி, இன்ஜினை அணைத்த பிறகும் கைகள் ஆடின. அணைக்கட்டுப் பாதையின் இறக்கம் கண்ணில் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அதில் இறங்கும்போது பாப்பா ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "இன்னும் வேகமாப்பா, இன்னும் வேகமா" என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே வேகமாகத்தான் ஓட்டினார்.

அத்தை தன் கையை அவள் கைமேல் வைத்து ஸ்டியரிங்கோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் நிற்கும் வரை எடுக்கவில்லை.

"அவனைப் பத்தி நான் உனக்கு ஒண்ணும் சமாதானம் சொல்ல மாட்டேன்" என்றார். "சின்ன வயசுலயும் இப்படித்தான். கண்ணாடி டம்ளரை உடைச்சா துண்டைப் பொறுக்கி ஒளிச்சு வைப்பான். என் கால்ல குத்தினாத்தான் தெரியும். நல்ல பையன், சத்தம் போடாத பையன்னு நானும் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "வீட்டுக்குள்ள விடுறதும் விடாததும் உன் இஷ்டம். நான் குறுக்க வர மாட்டேன். பாப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு மட்டும் இப்பவே பேசிக்குவோம். அவளுக்கு இதை யாராவது வெளியாள் சொல்லக்கூடாது."

இருவரும் அங்கேயே, வண்டிக்குள், ஜன்னல்களை ஏற்றிவிட்டுப் பேசினார்கள்.

நெட்டை அண்ணனின் எலும்பு கூடுவதற்குள் மழைக்காலம் முடிந்தது. கண்ணாடிக்காரர் அதுவரை காலையில் தன் கடையைத் திறப்பதற்கு முன்னால் டயர் கடைக்குப் போய், டயர்களை உருட்டி வெளியே அடுக்கி, ஷட்டரைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். யாரும் போகச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடைக்காரர் பழையபடி நாற்காலியைத் துடைத்துப் போடுவது மட்டும் இல்லை. பாப்பாவுக்கு விஷயத்தை அப்பாவே சொன்னார். சொல்லி முடித்ததும் அவள், "என் சீட்டுக்குக் கீழயா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்கப்புறம் கொஞ்ச நாள் வலது பக்கம் உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா அவரை வீட்டைவிட்டுப் போகச் சொல்லவில்லை. பேச வேண்டியதைப் பேசுகிறாள். சில நாள் சிரிப்பதும் உண்டு. ஆனால் வண்டி எடுப்பதற்கு முன் தினமும் தரையில் ஒரு சாக்கை விரித்து, முழங்காலிட்டுக் குனிந்து, ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கத்தையும் பார்க்கிறாள். டயர் புதிது, ஒன்றும் இருக்காது என்று அவளுக்கே தெரியும். உள்பக்கம் இருட்டாக இருப்பதால் அவர் டார்ச்சை எடுத்துவந்து நீட்டுகிறார். அவள் வாங்கிக்கொள்கிறாள்.